வெள்ளவத்தைத் தொடர்மாடிகளின் முகாமைத்துவக் குழுக்களுக்கு: கொரிடோர் பூஸ்டர் வேண்டாம்

மதிப்புக்குரிய தலைவர்கள், செயலாளர்கள், பொருளாளர்களுக்கு,

காலி வீதிக்கும் மரைன் டிரைவுக்கும் இடையிலுள்ள ஒழுங்கைகளில் நிற்கும் தொடர்மாடிகள் பலவற்றில் இப்போது ஒரே யோசனை சுற்றிக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு மாடியின் கொரிடோரிலும் சக்தி கூடிய வைஃபை பூஸ்டர் ஒன்றைப் பொருத்திவிட்டால் இரவில் இணையம் இழுபடுவது நின்றுவிடுமாம். செலவைப் பராமரிப்புக் காசிலிருந்து எடுக்கலாமாம். ஒரு கட்டடம் செய்தால் பக்கத்துக் கட்டடமும் செய்யும் என்பதால் இந்தக் கடிதத்தை ஒரு குழுவுக்கு மட்டும் எழுதாமல் எல்லோருக்கும் பொதுவாக எழுதுகிறேன்.

என் கோரிக்கை இதுதான். பூஸ்டரை வாங்காதீர்கள். அந்தக் காசில் வீடுகளுக்குள் கேபிள் இழுக்க வழி செய்யுங்கள். இருக்கிற ரவுட்டர்களின் அமைப்புகளை மாடி மாடியாக, ஒரு மாடியை ஒரே நாளில் சேர்த்து மாற்றுங்கள். ஒவ்வொரு வீட்டாரிடமும் தனித்தனியாகப் போய் "கொஞ்சம் பார்த்துப் பாவியுங்கள்" என்று கேட்பதை விட்டுவிடுங்கள். அது நடக்காது. ஏன் நடக்காது என்பதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

அலுவலகங்களுக்கும் ஹோட்டல்களுக்கும் வலையமைப்பு போடுவது என் தொழில். இந்த வேலையை எனக்குத் தரச்சொல்லிக் கேட்கவில்லை, அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

முதலில் ஒரு சின்னச் சோதனை. இரவு எட்டு மணிக்கு, பிள்ளையின் சூம் வகுப்பு உறைந்து நிற்கும் நேரத்தில், ஒரு மடிக்கணினியை ரவுட்டரில் கேபிளால் நேரே செருகி வேகத்தை அளந்து பாருங்கள். உடனேயே அதே கணினியைக் கேபிளைக் கழற்றி வைஃபையில் அளந்து பாருங்கள். கேபிளில் நன்றாக ஓடி வைஃபையில் இழுபட்டால், உங்கள் ஃபைபரில் பிழை இல்லை, பக்கேஜிலும் பிழை இல்லை. வீட்டுக்குள்ளே ரவுட்டருக்கும் கைபேசிக்கும் இடையிலுள்ள அந்தச் சில மீற்றர் காற்றுத்தான் நெரிசல். இரண்டிலுமே இழுபட்டால் அது சேவை நிறுவனத்தோடு பேசவேண்டிய விஷயம், இந்தக் கடிதம் அதற்கு உதவாது. ஆனால் நெருக்கமான தொடர்மாடிகளில் நான் பார்க்கிற முறைப்பாடுகளில் பெரும்பாலானவை முதல் வகை. அப்படியிருக்க, மாதக் கட்டணத்தைக் கூட்டிப் பெரிய பக்கேஜுக்கு மாறுகிறார்கள். காற்று அதே காற்றாகவே இருக்கிறது.

அந்தக் காற்று யாருடையது? யாருடையதுமில்லை, அதுதான் சிக்கலின் தொடக்கம். 1985 இல் அமெரிக்காவின் தொடர்பாடல் ஆணைக்குழு சில அலைவரிசைகளை உரிமம் இல்லாமல் பாவிக்கத் திறந்துவிட்டது. அதில் 2.4 கிகாஹேர்ட்ஸ் பட்டையும் ஒன்று. மைக்ரோவேவ் அடுப்பும் அதே பட்டையில்தான் வேலை செய்கிறது. உலகம் முழுக்க அந்த வழக்கம் பரவியது. இன்று கைபேசி, ரவுட்டர், கமரா, ஸ்மார்ட் பல்ப் எல்லாம் அதற்குள்ளேதான் கிடக்கின்றன. அந்தப் பட்டையில் 13 சனல்கள் இருப்பதாக ரவுட்டர் காட்டும். சனலுக்குச் சனல் இடைவெளி 5 மெகாஹேர்ட்ஸ், ஆனால் ஒரு வைஃபை சமிக்ஞை ஏறக்குறைய 20 மெகாஹேர்ட்ஸ் அகலம். ஆகவே ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் இருக்கக்கூடிய சனல்கள் வழக்கமாக மூன்றே மூன்று: 1, 6, 11. பன்னிரண்டு மாடிக் கட்டடத்துக்கும், கைநீட்டினால் தொடக்கூடிய தூரத்தில் நிற்கும் அடுத்த கட்டடத்துக்கும் சேர்த்து இந்த மூன்றுதான்.

ஒரே சனலில் பலர் எப்படிப் பேசுகிறார்கள் என்பதை உங்கள் வருடாந்தப் பொதுக்கூட்டத்தை வைத்தே சொல்லலாம், தலைவர் இல்லாத பொதுக்கூட்டம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். பேச விரும்புகிறவர் முதலில் காதைக் கொடுத்துக் கேட்கிறார். யாரும் பேசவில்லையென்றால் மனதுக்குள் ஏதோ ஓர் எண்ணிக்கை வரை எண்ணிவிட்டுத் தொடங்குகிறார். இரண்டு பேர் ஒரே நேரத்தில் தொடங்கிவிட்டால் இரண்டுமே யாருக்கும் விளங்காது. இருவரும் நிறுத்தி, இந்த முறை இன்னும் அதிகமாக எண்ணிவிட்டு மறுபடி முயல்கிறார்கள். வைஃபையின் தரநியமம் 1997 இல் வெளிவந்த காலத்திலிருந்து அடிப்படை இதுதான். இன்றைய கருவிகள் வழக்கமாக 0 முதல் 15 வரை ஏதோ ஓர் எண்ணைக் குலுக்கி எடுக்கும். மோதினால் 31 வரை, பிறகு 63 வரை, அப்படியே 1023 வரை போகும். எண்ணும் ஒவ்வொரு எண்ணுக்கும் 9 மைக்ரோசெக்கன். இதெல்லாம் நாங்கள் இமைப்பதற்குள் நூற்றுக்கணக்கான தடவை நடந்து முடிகிறது.

இந்த முறைக்கு மூத்த தமையன் ஹவாயில் பிறந்தது. தீவுகளில் சிதறிக் கிடந்த இடங்களை ஒரே கணினியோடு வானொலியால் இணைக்க, நோர்மன் ஏப்ராம்சனும் அவரது குழுவும் 1971 இல் அலோஹா என்ற வலையமைப்பை ஓடவிட்டார்கள். அதில் காதுகொடுத்துக் கேட்பதுகூட இல்லை, நினைத்த நேரத்தில் அனுப்பலாம், மோதினால் திரும்ப அனுப்பலாம். பலர் பாவிக்கும்போது சனலின் நேரத்தில் ஆகக்கூடியது நூற்றுக்கு 18.4 பங்குதான் பயனாகும் என்று கணக்கு வந்தது. நேரத்தைத் துண்டு துண்டாக வெட்டி, துண்டின் தொடக்கத்தில் மட்டும் அனுப்பலாம் என்று விதித்தால் அது இரட்டிப்பாகி 36.8 ஆகும்.

இந்தத் துண்டு முறையை வைத்து ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். பென்சிலும் கடதாசியும் இருந்தால் போதும், உயர்தரத்தில் கணிதம் படிக்கிற பிள்ளை சரிபார்த்துத் தரும்.

பத்து வீடுகள். ஒவ்வொரு வீடும் ஒவ்வொரு நேரத்துண்டிலும் பத்தில் ஒரு தடவை மட்டும் அனுப்பிப் பார்க்கிறது. ஒருவர் மட்டும் அனுப்பினால் செய்தி போய்ச் சேரும், இருவர் அனுப்பினால் இரண்டும் வீண். இப்படி எல்லோரும் அடக்கமாக நடந்தால் நூறு துண்டுகளில் சராசரியாக 38.7 பயன்படுகிறது (பத்தே வீடுகள் என்பதால், மிகப் பலருக்கான அந்த 36.8 ஐவிடச் சற்றுக் கூட). வீட்டுக்கு 3.87. இப்போது ஒரு வீடு மட்டும் பேராசைப்பட்டு இரண்டு துண்டுக்கு ஒரு தடவை அனுப்பத் தொடங்குகிறது என்று வையுங்கள். அந்த வீட்டுக்கு 19.4 கிடைக்கிறது, ஐந்து மடங்கு! மற்ற ஒன்பது வீட்டுக்கும் ஆளுக்கு 2.15. வேடிக்கை என்னவென்றால் மொத்தம் மாறவில்லை, அதே 38.7. ஆகவே யாருக்கும் உடனே சந்தேகம் வராது, "இன்றைக்குக் கொஞ்சம் மெதுவாக இருக்கிறது" என்றுதான் தோன்றும்.

இரண்டாவது வீடும் அப்படியே மாறினால் அதற்கும் தன் பங்கு ஐந்து மடங்காகிறது. மூன்றாவதுக்கும் அப்படித்தான். எத்தனை பேர் ஏற்கெனவே மாறியிருந்தாலும், இன்னும் மாறாமல் இருக்கிற ஒருவர் மாறினால் அவருக்கு முன்பிருந்ததைவிட ஐந்து மடங்கு கிடைக்கும். அடக்கமாக இருப்பதற்கு எந்த இடத்திலும் ஒரு காரணமும் இல்லை. கடைசியில் பத்து வீடும் மாறிவிட்டால் நூறு துண்டுகளில் பயன்படுவது ஒன்றுக்கும் குறைவு, 0.98. முன்பு ஒரு வீட்டுக்குக் கிடைத்த 3.87 கூட இப்போது பத்து வீட்டுக்கும் சேர்த்து இல்லை.

ஒவ்வொரு படியிலும் ஒவ்வொருவரும் தனக்கு நல்லதைத்தான் செய்தார். எவரையும் கெட்டவர் என்று சொல்ல முடியாது. தாழ்மையான வேண்டுகோள் என்று லிஃப்டில் ஒட்டுகிற நோட்டீஸ் ஏன் வேலை செய்வதில்லை என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது.

சரி, உண்மையான வைஃபையில் எண்ணும் எண்ணை வீட்டுக்காரர் மாற்ற முடியாது, அது சிப்புக்குள் இருக்கிறது. எங்கள் கட்டடங்களில் பேராசை வேறு வேடங்களில் வருகிறது. ரவுட்டரின் அனுப்புசக்தியை ஆக உச்சத்தில் வைப்பது. 2.4 பட்டையில் 40 மெகாஹேர்ட்ஸ் அகலத்தைத் தெரிவுசெய்வது, இருக்கிற மூன்று இடத்தில் இரண்டை ஒருவரே பிடித்துக்கொள்வதற்குச் சமம். அறைக்கு அறை ரிப்பீட்டர் செருகுவது. பெரும்பாலான மலிவு ரிப்பீட்டர்கள் கேட்ட செய்தியை அதே சனலில் திரும்பவும் சொல்லும், ஆகவே ஒரு செய்திக்கு இரண்டு மடங்கு நேரம் போகும். சனல் 3 அல்லது 9 இல் போய் நின்றுகொண்டு "இங்கே ஆளில்லை" என்று சந்தோஷப்படுவதும் இதில் சேர்த்தி. அங்கே நிற்பவர் இரு பக்கத்தாருக்கும் வெறும் இரைச்சல், அவர்களோடு முறைவைத்துப் பேசவும் மாட்டார்.

இங்கேதான் கூர்ப்பு வருகிறது, உயிரியல் பாடத்தில் படித்த அதே கூர்ப்பு, பரிணாமம். ஜோன் மேனாட் ஸ்மித், ஜோர்ஜ் பிறைஸ் என்ற இருவர் 1973 இல் ஒரு கேள்வி கேட்டார்கள். ஒரே இன விலங்குகள் இரைக்கும் துணைக்கும் சண்டை பிடிக்கின்றன, ஆனால் பெரும்பாலும் ஏன் சாகும்வரை பிடிப்பதில்லை? அவர்கள் வழியில் வந்த புகழ்பெற்ற எடுத்துக்காட்டில் இரண்டு குணங்கள். பருந்து விடாமல் அடிபடும், புறா மிரட்டிப் பார்த்துவிட்டு விலகும். கிடைக்கும் பொருளின் பெறுமதி 40, அடிபட்டால் வரும் நட்டம் 100 என்றால் கூட்டத்தில் நூற்றுக்கு 40 பருந்துகள் என்ற அளவில் போய் நிலைக்கும். அதற்கு மேல் பருந்து பெருகினால் பருந்தும் பருந்தும் அடிபட்டு நொந்துபோகும், குறைந்தால் புறாக்களிடம் பறித்துப் பெருகும். யாரும் உட்கார்ந்து கணக்குப் போடவில்லை. நன்றாகப் பிழைப்பவை பெருகுகின்றன, அவ்வளவுதான்.

எங்கள் விஷயத்துக்கு இந்தக் கோட்பாடு ஏன் பொருந்துகிறது என்றால், ரவுட்டரை வாங்குகிற எவரும் கணக்குப் போட்டு வாங்குவதில்லை. கட்டடத்தின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு அன்ரி கேட்பார், "உங்கட வீட்டில நல்லா எடுக்குதாம், என்ன ரவுட்டர்?" என்று. அடுத்த கிழமை பம்பலப்பிட்டியில் அதே ஆறு அன்டெனாப் பெட்டி இன்னும் மூன்று விற்கும். சராசரியைவிட நன்றாக ஓடுகிற பழக்கம் பார்த்துப் பார்த்துப் பரவும், மோசமாக ஓடுகிற பழக்கம் தேயும். இனப்பெருக்கத்துக்குப் பதில் பார்த்துச் செய்தல், மற்றப்படி கணக்கு ஒன்றேதான். வானொலி வலையமைப்புகளுக்கு இந்தக் கணக்கைப் பொருத்திப் பார்த்தவர்கள் உண்டு. ஹமிடூ டெம்பின், எய்ட்டன் அல்ட்மன் முதலானோர் 2010 இல் அலோஹா வகைப் பகிர்வுக்கும் கைபேசிகளின் அனுப்புசக்திக்கும் இதைச் செய்து காட்டினார்கள்.

அவர்கள் வழியில் ஓர் எளிய உருவத்தை எடுத்தால், முடிவைத் தீர்மானிப்பது அனுப்புவதற்கான செலவு. இருவர் இருவராகச் சந்திக்கிறார்கள், தனியாக அனுப்பியவருக்கு 1 கிடைக்கிறது, ஒவ்வொரு முயற்சிக்கும் 0.1 செலவு, மோதினால் செலவு மட்டும் மிச்சம் என்று வையுங்கள். நிலைத்து நிற்கும் கலவையில் பத்துக்கு ஒன்பது முறை அனுப்புவார்கள். அந்த நிலையில் ஒவ்வொருவருக்கும் சராசரியாகக் கிடைக்கும் நிகர பயன் சைபர், பேசாமல் இருந்தவருக்கு என்ன கிடைத்ததோ அதேதான். செலவு கூடினால் அடக்கம் தானாக வரும். கைபேசிக்குச் செலவு உண்டு, பற்றரி இறங்கும். அதனால்தான் கைபேசி கொஞ்சம் தாழ்ந்த குரலில் பேசுகிறது. சுவரில் செருகிய ரவுட்டருக்கு என்ன செலவு? ஒன்றுமில்லை. ஆகவே எங்கள் கட்டடங்களில் பருந்துக்கு வலிப்பதே இல்லை.

உங்கள் பூஸ்டருக்கு வருகிறேன். கொரிடோரில் பொருத்தப்போகும் அந்தப் பெட்டி இந்தக் கணக்கில் ஆகப்பெரிய பருந்து, காசு பொதுக்காசு என்பது மட்டும்தான் வித்தியாசம். அதன் குரல் சுவரைத் தாண்டி அறைக்குள் போகும், உண்மைதான். ஆனால் அறைக்குள் இருக்கிற கைபேசியின் குரல் சிறியது, அது இரண்டு கொங்கிறீற் சுவரைத் தாண்டித் திரும்ப வரவேண்டும். சிக்னல் கோடு முழுதாகக் காட்டும், வகுப்பு உறையும். மோசமானது அடுத்தது. தூரத்திலிருக்கும் கைபேசி மெதுவான வேகத்தில்தான் பேச முடியும். வைஃபை எல்லோருக்கும் சமமாகக் கொடுப்பது பேசும் தடவைகளைத்தான், பேசும் நேரத்தை அது சமமாகப் பிரிப்பதில்லை. பொதுக்கூட்டத்தில் ஆளுக்கொரு தடவை பேசலாம் என்று விட்டால் ஒருவர் ஒலிவாங்கியைப் பிடித்து அரைமணி நேரம் இழுப்பாரே, அதுதான். 2003 இல் பிரான்சின் கிரெனோபிளில் மார்ட்டின் ஹியூஸ் உள்ளிட்ட ஆய்வாளர்கள் இதை அளந்து எழுதினார்கள். 11 மெகாபிட் வேகத்தில் பேசக்கூடிய கருவிகளுக்கு நடுவே 1 மெகாபிட்டில் பேசும் ஒரே ஒரு கருவி வந்தால், எல்லோருடைய வேகமும் ஏறக்குறைய அந்த மெதுவான கருவியின் அளவுக்கு இறங்கிவிடுகிறது. இன்றைய கருவிகளில் இதைச் சமாளிக்க நேரத்தைப் பங்கிடும் வசதிகள் சில உண்டு. ஆனால் சனலைப் பகிரும் பக்கத்து வீட்டு ரவுட்டரை உங்கள் பெட்டி கட்டுப்படுத்த முடியாது.

ரவுட்டரின் பெயரே காற்றைத் தின்கிறது என்பதும் பலருக்குத் தெரியாது. ஒவ்வொரு வைஃபை பெயரும் "நான் இங்கே இருக்கிறேன்" என்று 102.4 மில்லிசெக்கனுக்கு ஒரு தடவை அறிவிக்கும். செக்கனுக்குப் பத்துத் தடவை என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய கருவிகளுக்கும் விளங்கவேண்டும் என்பதற்காக 2.4 பட்டையில் அந்த அறிவிப்பு வழக்கமாக 1 மெகாபிட் என்ற ஆக மெதுவான வேகத்தில் போகிறது. 250 பைட் நீளமான அறிவிப்பென்றால் ஏறக்குறைய 2.2 மில்லிசெக்கன், அதாவது சனலின் நேரத்தில் நூற்றுக்கு இரண்டு பங்கு. ஒரே சனலில் இருபது பெயர்கள் கேட்டால் ஒருவரும் ஒன்றும் பார்க்காமலே பத்தில் நாலு பங்கு நேரம் போய்விட்டது! விருந்தினருக்கு ஒரு பெயர், ரிப்பீட்டருக்கு ஒரு பெயர், அச்சுப்பொறி தன் பாட்டில் அறிவிக்கும் பெயர் என்று ஒரு வீட்டிலிருந்தே நாலு பெயர் வருகிறது. ரவுட்டரில் 802.11b என்கிற மிகப் பழைய பி வகை வைஃபையை நிறுத்திவிட்டால் அறிவிப்பு 6 மெகாபிட்டில் போகும், அதே இருபது பெயருக்கும் நூற்றுக்கு ஏழு பங்குதான் செலவாகும். 2003 இல் அடுத்த வகை வந்துவிட்டது, பி வகை மட்டும் தெரிந்த கருவி இன்னும் ஒரு வீட்டில் ஓடுகிறதென்றால் அதை நூதனசாலைக்குக் கொடுக்கலாம்.

இன்னொன்று, கொஞ்சம் கசப்பாக இருக்கும். பல கட்டடங்களில் இருபத்துநாலு மணிநேரமும் நிறுத்தாமல் காற்றில் அனுப்பிக்கொண்டிருப்பவை குழுவே பொருத்திய வைஃபை சிசிடிவி கமராக்கள். கார் நிறுத்துமிடம், நுழைவாயில், லிஃப்ட் வாசல் என்று வயர் இழுக்கச் சோம்பல்பட்டு வாங்கியவை. அவற்றைக் கேபிளுக்கு மாற்றாமல் வீட்டுக்காரரிடம் அடக்கம் கேட்க முடியாது.

"ரவுட்டர் தானாக நல்ல சனலைத் தேடிக்கொள்ளுமே" என்று சிலர் சொல்வார்கள். தேடும், பெரும்பாலும் இயங்கத் தொடங்கும்போது. எங்கள் ஊரில் அது எப்போது நடக்கிறது? கரன்ட் போய் வரும்போது. 2022 மார்ச் முடிவில் நாளுக்கு 13 மணிநேரம் வரை இருட்டில் இருந்தோம். 2025 பெப்ரவரி 9 ஞாயிற்றுக்கிழமை பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததால் நாடு முழுவதும் இருண்டது, அமைச்சரே சொன்ன காரணம் அது. கரன்ட் திரும்பும் அந்த நொடியில் கட்டடத்தின் எல்லா ரவுட்டர்களும் ஒன்றாக எழும்புகின்றன. எல்லாம் காதைக் கொடுத்துக் கேட்கும்போது அக்கம்பக்கம் இன்னும் பேசத் தொடங்கியிருக்காது. எல்லாமே வெறும் காற்று என்று நம்பி ஒரே சனலில் போய் உட்காரும் வாய்ப்பு அதிகம். தானியங்கித் தெரிவு ஒருவர் மட்டும் தேடும்போது நல்லது, ஐம்பது பேர் ஒன்றாகத் தேடும்போது ஒருவரை ஒருவர் துரத்துவதுதான் நடக்கும்.

அப்படியானால் வழி என்ன? ஒருவரின் லாபம் மற்றவர் செய்வதிலும் தங்கியிருக்கிற இப்படியான நிலைமையை ஆய்வாளர்கள் ஆட்டம் என்பார்கள். திரும்பத் திரும்ப ஆடுகிற ஆட்டத்தில் "நீ செய்தது போலவே நானும் செய்வேன்" என்று நடப்பவர்கள் ஒத்துழைப்பை வளர்ப்பார்கள் என்று 1980 ஆம் ஆண்டளவில் ரொபர்ட் அக்செல்றொட் நடத்திய கணினிப் போட்டிகள் காட்டின. அயலவர்கள் வருடக்கணக்காக ஒன்றாக வாழ்கிறவர்கள், பொருந்தவேண்டுமே? பொருந்தாது. யார் செய்தது என்று தெரிந்தால்தான் பதில் செய்யலாம். காற்றில் மோதலுக்கு முகவரி இல்லை. எட்டாம் மாடி ரிப்பீட்டரால் ஆறாம் மாடி வகுப்பு உறைந்தால் ஆறாம் மாடிக்காரர் திட்டுவது சேவை நிறுவனத்தை.

எனக்கு நம்பிக்கை தருவது வேறொரு முடிவு. மார்ட்டின் நோவாக், ரொபர்ட் மே இருவரும் 1992 இல் ஆட்டக்காரர்களை ஒரு சதுரங்கப் பலகை போன்ற தளத்தில் வைத்தார்கள். ஒவ்வொருவரும் தன் பக்கத்தாரோடு மட்டும் ஆடி, அவர்களில் யாருக்கு அதிகம் கிடைத்ததோ அவரைப் பார்த்து நடப்பார். எல்லோரும் எல்லோரோடும் கலந்து ஆடும்போது அழிந்துபோகிற ஒத்துழைப்பு இங்கே அழியவில்லை. தனியாக நின்ற புறா, அதாவது ஒத்துழைப்பவர், தோற்றது. ஆனால் கும்பலாக நின்ற புறாக்கள் ஒன்றுக்கொன்று பக்கத்தாராக இருந்ததால் தாக்குப்பிடித்தன.

வானொலி அலையும் பக்கத்தாரோடு மட்டுமே ஆடுகிற ஆட்டம்தான். அந்தப் பக்கம் எவ்வளவு பெரியது என்பதை நாங்களே தீர்மானிக்கலாம், அனுப்புசக்தியைக் குறைத்தால் அக்கம்பக்கம் சுருங்கும். 5 கிகாஹேர்ட்ஸ் பட்டைக்கு மாறினால் இன்னும் சுருங்கும், ஏனென்றால் அந்த அலை கொங்கிறீற்றில் அதிகம் தேயும். நீங்கள் சபிக்கிற அந்தச் சுவர்தான் உங்களுக்கு நண்பன். அது பக்கத்து வீட்டைத் தடுக்கிறது. ஆனால் ஒருவர் மட்டும் சக்தியைக் குறைத்தால் அவருக்கு நட்டம், அடுத்த நாளே திரும்பக் கூட்டிவிடுவார். ஒரு மாடியும், அதற்கு மேல் கீழ் மாடிகளும் ஒரே நாளில் சேர்ந்து குறைத்தால் எல்லோருக்கும் அன்றிரவே வித்தியாசம் தெரியும், திரும்பக் கூட்ட யாருக்கும் ஆசை வராது. தனித்தனி வேண்டுகோள் தோற்று, கூட்டு மாற்றம் நிலைக்கிற இடம் இது. அதனால்தான் இந்தக் கடிதத்தை வீட்டுக்காரர்களுக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

உங்களிடம் இருக்கிற இன்னொரு சக்தி வேறு யாரிடமும் இல்லை. கொரிடோர், வயர் போகும் குழாய், மாடிக்கு மாடி ஏறும் துவாரம் எல்லாம் பொதுப் பாகங்கள், தொடர்மாடிகள் பற்றிய 1973 ஆம் ஆண்டுச் சட்டமும் அதற்குப் பின்வந்த திருத்தங்களும் அவற்றின் பொறுப்பை வீட்டு உரிமையாளர்கள் சேர்ந்த முகாமைத்துவக் கூட்டுத்தாபனத்திடம் கொடுத்திருக்கின்றன. ஒரு வீட்டுக்காரர் தன் காசில் கேபிள் இழுக்க விரும்பினாலும் உங்கள் அனுமதி இல்லாமல் கொரிடோர்ச் சுவரைத் தொட முடியாது. பூஸ்டருக்கு ஒதுக்கிய காசில் குழாய்களைச் சுத்தப்படுத்தி, வீட்டுக்குள் வரவேற்பறைக்கும் ஓர் அறைக்கும் கேபிள் போக வழி செய்துவிட்டால் தொலைக்காட்சியும் மேசைக் கணினியும் காற்றை விட்டு இறங்கும். இரவில் அதிகமாக இழுப்பது தொலைக்காட்சிதான். மட்ச் நாளில் கேட்கவே வேண்டாம். அது இறங்கினாலே கைபேசிகளுக்கு இடம் வரும்.

ரவுட்டர் அமைப்பில் நான் கேட்பது அதிகமில்லை. 2.4 பட்டையில் அகலம் 20 மட்டும், சனல் 1, 6, 11 இல் குழு எழுதிக்கொடுத்தது. அனுப்புசக்தி நடுத்தரம் அல்லது அதற்குக் கீழ். வீட்டுக்கு ஒரு பெயர். பி வகை நிறுத்தம். 5 பட்டையில் 80 அகலம் வேண்டாம், 36 இலிருந்து 48 வரையுள்ள நாலு சனலையும் அது ஒருவருக்கே கொடுத்துவிடும், 40 போதும். மேல் வீடும் கீழ் வீடும் ஒரே சனலில் வராதபடி குழு வரைபடம் போட வேண்டும். மூன்று சனலில் எல்லோரையும் பிரித்துவிட முடியாது, கொஞ்சம் இடிக்கும், அதற்குத்தான் சக்திக் குறைப்பு.

இனி, வாடகைக்காரர்கள். எங்கள் கட்டடங்களில் உரிமையாளர் இலண்டனிலோ ரொறன்ரோவிலோ இருப்பார். விடுமுறைக்கு வருகிறவர்கள், கல்யாணத்துக்கு வந்து ஒரு மாதம் தங்குகிறவர்கள், படிக்க வந்த பிள்ளைகள் என்று ஆள் மாறிக்கொண்டே இருக்கும். மேனாட் ஸ்மித்தும் பிறைஸும் ஒரு வழக்கம் நிலையானதா என்று பார்க்க வைத்த சோதனை இங்கே உதவும். எல்லோரும் அதைப் பின்பற்றும்போது, வேறுவிதமாக நடக்கும் சிலர் புதிதாக நுழைந்தால் அவர்கள் செழிக்கிறார்களா, இல்லையா? செழித்தால் உங்கள் வழக்கம் கொஞ்ச நாளில் போய்விடும். குழு போடுகிற எந்த விதியையும் இந்தக் கேள்வியால் உரசிப் பாருங்கள். "எல்லோரும் ஒத்துழைக்கவும்" என்ற நோட்டீஸ் இதில் தேறாது. கேபிள் தேறும், ஏனென்றால் புதிதாக வருகிறவருக்கும் கேபிளில் செருகுவதே தனக்கு லாபம். ரவுட்டர் ஏற்கெனவே சரியான அமைப்போடு வீட்டில் இருந்தாலும் தேறும், ஏனென்றால் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் அமைப்பை எட்டியும் பார்ப்பதில்லை (இது என் அனுபவ மதிப்பீடு, ஆய்வு முடிவு என்று எடுக்காதீர்கள்). ஆகவே ஃபைபர் இணைப்புப் போட வரும் தொழில்நுட்பவியலாளரிடம் காவலாளி கொடுக்க ஒரு பக்கக் கடதாசி வையுங்கள்: இந்த வீட்டின் சனல் இது, அகலம் இது, சக்தி இது. வேலை ஆரம்பத்திலேயே முடிந்துவிடும்.

அபராதம் போடுவதா என்று சில குழுக்களில் கேட்டார்கள். எனக்கு அதில் விருப்பமில்லை. பொதுச்சொத்தை ஊர்மக்களே பராமரிக்கிற இடங்களை உலகெங்கும் ஆராய்ந்து 2009 இல் பொருளாதார நோபல் பரிசு பெற்ற எலினோர் ஒஸ்ட்ரொம் கண்டதும் இதற்குக் கிட்டத்தட்ட வரும். நீடித்த இடங்களில் கண்காணிப்பவர்கள் பாவனையாளர்களுக்குப் பொறுப்புச் சொல்பவர்கள், தண்டனை மிகச் சிறியதில் தொடங்கிப் படிப்படியாக ஏறும். ஆண்டுக்கு இரண்டு தடவை ஒருவர் கைபேசியில் ஒரு வைஃபை அளவி செயலியோடு மாடி மாடியாக நடந்து, எங்கே 40 அகலம் நிற்கிறது, எங்கே சனல் 3 நிற்கிறது என்று குறித்து, அந்த வீட்டு அண்ணாவிடமோ அக்காவிடமோ கதவைத் தட்டிச் சொன்னால் போதும். வீட்டிலக்கத்தை வைஃபை பெயராக வைக்கச் சொல்லாதீர்கள், வீதியில் போகிறவனுக்கு அது தேவையில்லாத தகவல். பட்டியல் செயலாளரிடம் இருக்கட்டும்.

பக்கத்துக் கட்டடம் சேராவிட்டால்? ஓரத்து வீடுகளுக்குக் கொஞ்சம் அடிபடும், நடு வீடுகளுக்கு அவ்வளவாக இல்லை. ஓரத்து வீடுகளுக்கு முதலில் கேபிள் போடுங்கள். ஒரே ஒழுங்கையில் நிற்கும் இரண்டு மூன்று கட்டடங்களின் செயலாளர்கள் சேர்ந்து சனல்களைப் பிரித்துக்கொண்டால் இன்னும் நல்லது.

வார்த்தையை நம்பி முடிவெடுக்கச் சொல்லவில்லை. ஒரு கட்டடத்தில் அடுத்தடுத்த மூன்று மாடிகளைத் தெரிவுசெய்து, ஒரு கிழமை இரவு எட்டு மணிக்குக் கேபிளிலும் காற்றிலும் வேகத்தை அளந்து எழுதுங்கள். பிறகு ஒரே சனிக்கிழமை காலையில் மூன்று மாடியின் அமைப்பையும் மாற்றி, இன்னொரு கிழமை அதே போல அளவுங்கள். நடு மாடியின் எண்களைப் பாருங்கள். வித்தியாசம் இல்லையென்றால் பூஸ்டரை வாங்குங்கள், நான் எதிர்க்க மாட்டேன். எந்தக் கட்டடம் முன்வருகிறதோ அதற்குச் சனல் வரைபடத்தைக் காசில்லாமல் போட்டுத் தருகிறேன். எனக்கு வேண்டியது மாடியின் தளவரைபடம், ஒவ்வொரு வீட்டு ரவுட்டரின் மாதிரி இலக்கம், வயர்க் குழாய்கள் எங்கே ஏறுகின்றன என்று தெரிந்த ஓர் ஆள்.

இப்படிக்கு,
வெள்ளவத்தைத் தொடர்மாடி ஒன்றின் குடியிருப்பாளர்